மகளை ‘சீனியர் ரெப்’ ஆக அழைக்கிறார்கள், சேர்க்கலாமா?

ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஹைஸ்கூலில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள். உள்ளூர் போர்ட்ரெய்ட் போட்டோகிராபர் ஒருவர் அவளுக்கு இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பி, அடுத்த வருடத்துக்கு ‘சீனியர் ரெப்’ (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடையே அவருடைய ஸ்டூடியோவின் பிரதிநிதி) ஆகச் சேர்கிறாயா என்று கேட்டிருக்கிறார். போட்டோ ஷூட் இலவசமாம். வகுப்பில் இருப்பவர்களை அழைத்து வந்தால் ஒவ்வொருவருக்கும் கிரெடிட் உண்டாம். மகளுக்கு ஒரே குஷி. இது ஏமாற்று வேலையா, நல்ல வாய்ப்பா, சேர்க்கலாமா?

நான் வாரநாளில் கம்ப்யூட்டர் வேலை, வார இறுதியில் சீனியர் போர்ட்ரெய்ட் எடுப்பவன். மூன்று வருடம் நானே ரெப் வைத்து நடத்திப் பார்த்துவிட்டு விட்டவன் என்பதால் இரண்டு பக்கமும் தெரியும்.

ஏமாற்று வேலை இல்லை. இங்கே ஊர் ஊராக நடக்கிற, பழகிப்போன வியாபார முறை. ஆனால் பெற்றோர் பலர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். மகள் தோழிகளிடம் விளம்பரம் செய்வாள், அதற்குக் கூலியாகப் படம் இலவசம் என்று நினைக்கிறார்கள். போட்டோகிராபரின் கணக்கு வேறு. தோழிகள் வந்தாலும் வராவிட்டாலும் ரெப்பின் வீட்டார் படம் வாங்குவார்கள். ரெப் திட்டத்தில் முதல் வாடிக்கையாளர் ரெப்பின் அப்பா அம்மாதான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் சம்பாதித்தேன். நீங்கள் அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

நம்மில் பலருக்கு சீனியர் போர்ட்ரெய்ட் என்பதே புதிது என்பதால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையைத் தனியாக, விதவிதமான உடையில், பூங்காவிலோ ஸ்டூடியோவிலோ வைத்து எடுக்கும் படங்கள் இவை. ஒன்று இயர்புக் என்ற பள்ளி ஆண்டு மலரில் போகும், ஒன்று பட்டமளிப்பு அழைப்பிதழில் வரும், ஒன்று பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டப்படும். இது இன்ஸ்டாகிராம் காலத்து மோகம் என்று நினைக்க வேண்டாம். யேல் கல்லூரியில் 1806இலேயே, கேமரா பிறப்பதற்கு முன்பே, வகுப்பு மாணவர்களின் நிழலுருவங்களை வெட்டி ஒரு புத்தகமாகச் சேர்த்து வைத்தார்கள். பிறகு மாசசூசெட்ஸில் ஜார்ஜ் வாரன் என்ற போட்டோகிராபர் வந்தார். ஒரே ஒரு பிரதிதான் கிடைக்கும் டாகுரோடைப் முறையை விட்டு, ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறைக்கு அவர் மாறினார். மாணவன் தன் படத்தைப் பல பிரதி வாங்கி வகுப்பு நண்பர்களோடு மாற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் ஆல்பமாகக் கட்டிக்கொள்ளலாம். அதாவது ஒருவன் படம் எடுத்துக்கொண்டால் வகுப்பு முழுக்க அது கைமாறும், அதைப் பார்த்து அடுத்தவனும் வருவான். மாணவனே மாணவனுக்கு விளம்பரம் என்ற வித்தை அப்போதே இருந்திருக்கிறது.

இப்போது ஏன் ரெப் என்று ஆள் வைக்கிறார்கள்? பெரும்பாலான பள்ளிகள் ஏதாவது ஒரு பெரிய ஸ்டூடியோவோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். 1936இல் மின்னசோட்டாவில் தொடங்கி 2018இல் ஷட்டர்ஃப்ளை வாங்கிய லைஃப்டச் அப்படிப்பட்ட ஒரு நிறுவனம். ஒப்பந்த ஸ்டூடியோவுக்குப் பள்ளியே வழி விடுகிறது. எந்தப் பிள்ளை சீனியர், வீட்டுக்கு எப்படித் தகவல் அனுப்புவது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. பல பள்ளிகளில் இயர்புக் படமே அந்த ஸ்டூடியோ எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் உள்ளூர்க்காரருக்குப் பள்ளி வாசலே மூடியிருக்கிறது. அவர் உள்ளே நுழைய ஒரே வழி, உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒரு பிள்ளை.

(இங்கேயே ஒரு வேலை செய்துவிடுங்கள். இயர்புக்குக்கு வெளிப் படத்தை ஏற்பார்களா, என்ன பின்னணி, என்ன அளவு, கடைசித் தேதி எப்போது என்று பள்ளியில் கேளுங்கள். ரெப்பாகச் சேர்ந்து, ஆற்றங்கரையில் அருமையான படம் எடுத்து, கடைசியில் இயர்புக்குக்கு ஒப்பந்த ஸ்டூடியோவில் போய் இன்னொரு முறை உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.)

நடைமுறை பெரும்பாலும் இப்படி இருக்கும். ஜூனியர் வருடத்தின் (பதினோராம் வகுப்பின்) குளிர்காலத்திலோ வசந்தத்திலோ விண்ணப்பம். அதில் விளையாட்டு, கிளப் என்று கேட்பார்கள், இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்றும் கேட்பார்கள். பள்ளிக்கு ஒருவர் இருவர் என்று எடுப்பார்கள். வசந்தத்தில் எல்லா ரெப்களையும் சேர்த்து ஒரு குரூப் ஷூட். வண்ணப்பொடி தூவி எடுப்பது இவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், உங்கள் மகளிடம் ‘ஹோலி நிபுணர்’ என்ற முறையில் ஆலோசனை கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். கோடையில் அவளுடைய தனி ஷூட். அதன் பிறகு அவள் படம் போட்ட ரெப் கார்டோ, அவள் பெயரில் ஒரு தள்ளுபடிக் குறியீடோ தருவார்கள். யாராவது புக் பண்ணும்போது அந்தக் குறியீட்டைச் சொன்னால் வருபவளுக்குத் தள்ளுபடி, உங்கள் மகளுக்குக் கிரெடிட்.

இதில் ‘இலவசம்’ என்பது என்ன? செஷன் ஃபீ மட்டும். அதாவது அவர் வந்து படம் எடுக்கும் நேரத்துக்கான கட்டணம். படங்கள் கைக்கு வர வேறு காசு. இந்தத் தொழிலில் வருமானம் இருப்பது செஷன் ஃபீயில் இல்லை, அதற்குப் பிறகு உட்காரவைத்துப் பெரிய திரையில் படங்களைக் காட்டி ஆல்பமும் சுவர்ப்படமும் விற்கும் அந்த ஒரு மணி நேரத்தில். அந்த அறையில் அப்பாக்கள் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அம்மாக்கள் கண் கலங்கிவிடுவார்கள். (சில சமயம் மாற்றியும் நடக்கும்.) பிள்ளை அடுத்த வருடம் வீட்டில் இருக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் விலைப்பட்டியலைப் பார்ப்பவர் யார்? நானும் அதை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அந்த அறையில் டிஷ்யூ பெட்டி வைத்தேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கிரெடிட்டும் அப்படியே. அது பெரும்பாலும் பணம் இல்லை, அவரிடமே பொருள் வாங்கும்போது கழித்துக்கொள்ளும் தொகை. ஆளுக்கு 50 டாலர் கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரை அழைத்து வந்தால் 200 டாலர். ஆல்பம் 900 டாலர் என்றால் உங்கள் கையிலிருந்து 700 போகிறது. சேராமல் இருந்திருந்தால் ஆல்பமே வாங்கியிருக்க மாட்டீர்கள். அதனால் போட்டோகிராபரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை டாலர் கிரெடிட்’ என்பதில்லை. ‘போன வருடம் உங்கள் ரெப் குடும்பங்கள் மொத்தம் எவ்வளவு செலவழித்தார்கள்? குறைந்தபட்சம் இவ்வளவு வாங்க வேண்டும் என்று ஏதும் உண்டா?’ என்று கேளுங்கள். நேர்மையான ஆள் உடனே ஒரு தொகையைச் சொல்வார். மழுப்பினால் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, பிள்ளைகள் உண்மையிலேயே ஆள் கொண்டுவருகிறார்களா? என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் வருடம் ஆயிரக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்த பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தேன். படம் போட்டார்கள், லைக் குவிந்தது, யாரும் வரவில்லை. லைக் போட்டவர்களில் பாதிப் பேர் வேறு ஊர், மீதிப் பேர் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் ஒரே பெண் அழைத்து வந்தவர்கள். அவள் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்கும், அதிகம் பேசாத பெண். அவள் செய்ததெல்லாம் பிரிண்ட் எடுத்த சின்ன ஆல்பத்தைப் பேண்டு பஸ்ஸில் எடுத்துப் போனதுதான். பக்கத்து சீட்டுக்காரிகள் பார்த்தார்கள், அவர்களுடைய அம்மாக்கள் எனக்கு போன் செய்தார்கள். காசு கொடுப்பது அம்மாக்கள் என்பதால் அவர்களைச் சென்றடையாத விளம்பரத்தால் பயனில்லை. உங்கள் மகளை அவளுடைய ஃபாலோயர் எண்ணிக்கைக்காக எடுக்கிறார் என்றால், அந்தப் போட்டோகிராபர் இன்னும் முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறார்.

இனி யாரும் சொல்லிக்கொடுக்காத பகுதி. இலவச ஷூட் வாங்கிக்கொண்டு ஒருவரைப் பரிந்துரைப்பது அமெரிக்கச் சட்டப்படி விளம்பரம். ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற மத்திய அமைப்பின் வழிகாட்டுதல்கள் (கடைசியாக 2023இல் திருத்தியவை) இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையில் பணமோ இலவசப் பொருளோ தள்ளுபடியோ கைமாறியிருந்தால், பார்ப்பவருக்கு அது தெரியும்படி சொல்ல வேண்டும். 2019இல் அதே அமைப்பு சமூக ஊடகக்காரர்களுக்காக வெளியிட்ட சின்னக் கையேட்டில் ஒரு சுவாரசியமான குறிப்பு உண்டு: ‘அம்பாஸடர்’ என்ற சொல்லை மட்டும் தனியாகப் போட்டால் போதாது, அது குழப்பமான சொல் என்கிறார்கள். யாருடைய அம்பாஸடர் என்று பெயரும் சேர்ந்து வர வேண்டும். ரெப் பிள்ளைகள் போடும் பதிவுகளைப் பாருங்கள், பாதிப் பேர் ‘ரெப் 2026’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். வெளியாளுக்கு அதில் என்ன புரியும்?

பதினேழு வயதுப் பெண்ணின் வீட்டுக் கதவை அரசாங்கம் வந்து தட்டும் என்று பயமுறுத்தவில்லை. தன் ரெப்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துக் கண்காணிக்க வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. நான் இதை எழுப்புவதற்குக் காரணம் வேறு. தோழிகளிடம் மறைத்து விற்றால் போவது டாலர் இல்லை, நட்பு. என் ரெப் ஒருத்தி நெருங்கிய தோழியிடம் ‘இவர்தான் பெஸ்ட்’ என்று ஒரு மாதம் சொல்லிச் சொல்லி அழைத்து வந்தாள். புக் பண்ணும்போது குறியீடு கேட்டார்கள். அப்போதுதான் தோழிக்கு விஷயம் புரிந்தது. ஷூட் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை, படத்திலும் அது தெரிந்தது. அதற்குப் பிறகு என் ரெப்கள் எல்லோருக்கும் ஒரே விதி வைத்தேன். முதல் வார்த்தையே ‘நான் இவருடைய ரெப், எனக்கு ஷூட் ஃப்ரீ, நீ புக் பண்ணினால் எனக்கும் கிரெடிட் வரும்’ என்பதாக இருக்க வேண்டும். பதிவில் மட்டும் இல்லை, குரூப் சாட்டிலும், லஞ்ச் மேசையிலும். இப்படிச் சொன்னதால் ஆள் குறையவில்லை. ‘உனக்குத்தானே கிடைக்கட்டும்’ என்று குறியீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இன்னொன்றும் அவளுக்குச் சொல்லுங்கள். விலை முழுவதையும் சொல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது. எல்லா வீட்டிலும் ஆல்பத்துக்குப் பணம் இருக்காது. ‘ஷூட் இவ்வளவுதான்’ என்று நம்பி வந்து, விற்பனை அறையில் அம்மா முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு யார் மேல் கோபம் வரும்? அழைத்து வந்தவள் மேல்தான்.

கூகுள் ரிவ்யூ எழுதினால் கூடுதல் கிரெடிட் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரிவ்யூவுக்குப் பதிலாக எதையும் கொடுப்பதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. நல்லவிதமாக எழுதினால்தான் என்று நிபந்தனை போட்டுக் கொடுப்பது, 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த மத்திய விதியின்படி தடை செய்யப்பட்ட செயல். இதற்கெல்லாம் நீங்கள் துணைபோக வேண்டியதில்லை. பள்ளிக்குள் கார்டு விநியோகிப்பதும் அப்படித்தான், வளாகத்தில் வியாபாரம் செய்யக் கூடாது என்று பல பள்ளிகளில் விதி இருக்கிறது. மாட்டினால் பள்ளி கண்டிக்கப் போவது போட்டோகிராபரை இல்லை, மாணவியை.

அடுத்தது ஒப்பந்தம். பதினெட்டு நிறையாத பிள்ளை போட்ட கையெழுத்தைப் பிறகு அந்தப் பிள்ளையே ரத்து செய்துகொள்ள முடியும் என்பது பொதுவான சட்டம். அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். அதிலும் மாடல் ரிலீஸ் என்ற தாளை (படத்தைப் பயன்படுத்த நீங்கள் தரும் சம்மதம்) வரி வரியாகப் படியுங்கள். நடிகை ப்ரூக் ஷீல்ட்ஸ் சிறுமியாக இருந்தபோது எடுத்த படங்களுக்கு அவருடைய அம்மா எந்தக் கட்டுப்பாடும் இல்லாத சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தார். வளர்ந்த பிறகு அந்தச் சம்மதத்தை ரத்து செய்ய ஷீல்ட்ஸ் நீதிமன்றம் போனார். 1983இல் நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம், பெற்றோர் கொடுத்த சம்மதத்தைப் பிள்ளை பிறகு திரும்பப் பெற முடியாது என்று சொல்லிவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். ஆனால் பெற்றோர் போடும் கையெழுத்தை வெறும் சடங்காக நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ரிலீஸில் என்ன இருக்கலாம்? அவருடைய வெப்சைட், இன்ஸ்டாகிராம், ஸ்டூடியோ சுவர், அச்சு விளம்பரம் இவை நியாயம். ‘எந்த ஊடகத்திலும், எந்த நோக்கத்துக்கும், எவருக்கும் மாற்றித்தரும் உரிமையோடு’ என்று இருந்தால் பேனாவால் அடித்துவிட்டு, ‘ஸ்டூடியோவின் சொந்த விளம்பரத்துக்கு மட்டும், மூன்றாமவருக்கு விற்கவோ ஏஐ பயிற்சிக்குக் கொடுக்கவோ கூடாது’ என்று எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை சின்ன ஸ்டூடியோக்காரர்கள் மறுப்பதில்லை, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய தாள்தான் அது. காப்பிரைட் மட்டும் அவரிடமே இருக்கும். காசு கொடுத்தாலும் எடுத்தவருக்குத்தான் சொந்தம் என்பது இங்கே சட்டம். அதனால் உங்கள் மகள் படத்துக்கு ஃபில்டர் போடக் கூடாது, வெட்டக் கூடாது, டேக் செய்ய வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை வரும். அவை வழக்கமானவையே.

நம் வீடுகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, அது எக்ஸ்க்ளூசிவ் ஷரத்து. ‘பட்டம் வாங்கும் வரை வேறு எந்தப் போட்டோகிராபரிடமும் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, எடுத்ததைப் போடக் கூடாது’ என்று எழுதியிருப்பார்கள். வெள்ளைக்கார வீட்டில் இது பெரிய விஷயமில்லை. நம் வீட்டில்? பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையில்தான் பல பெண்களுக்கு அரங்கேற்றம். ஹால் புக் பண்ணி, ஊரிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை வரவழைத்து, அதற்கென்றே ஒரு தமிழ்ப் போட்டோகிராபரையும் பேசியிருப்பீர்கள். அழைப்பிதழுக்காக இரண்டு மாதம் முன்பே ஆடை அலங்காரத்தோடு ஒரு ஷூட்டும் நடந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அந்தப் படங்களைப் பெண் பெருமையாகப் போட, அவளை ரெப்பாக வைத்திருந்தவர் ஒப்பந்தத்தைக் காட்டி அதுவரை சேர்ந்த கிரெடிட்டை எல்லாம் ரத்து செய்துவிட்டார். அவருக்கு அரங்கேற்றம் என்றால் என்னவென்றே தெரியாது, அவர் கண்ணுக்கு அது போட்டி ஸ்டூடியோ எடுத்த சீனியர் படம். இவர்களோ ஷரத்தைப் படிக்கவே இல்லை. கையெழுத்துக்கு முன்பே ‘அரங்கேற்றம், குடும்ப விழாக்கள், பள்ளிப் படங்கள் நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் முடிந்திருக்கும்.

அடுத்தது விசா. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவள் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எச்-4இல் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) இருந்தால் நில்லுங்கள். எச்-4 பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது (அந்த விசாவில் வேலை அனுமதி அட்டை சில வாழ்க்கைத்துணைகளுக்குத்தான்). குடிவரவு விதிகளில் கூலி என்பது பணம் மட்டும் இல்லை, வேலைக்குப் பதிலாகக் கொடுக்கும் மதிப்புள்ள எதுவும் அதில் சேரலாம். ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் போட்டோ கிரெடிட்டை யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். வருடக்கணக்காகக் காத்திருக்கும் கிரீன் கார்டு வரிசையை ஒரு ஆல்பத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள். உங்கள் வக்கீலிடம் கேட்டு அவர் சரி என்றால் மட்டும் சேருங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளராகவே போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், படம் அதேதான்.

வேலை செய்யத் தடையில்லாத பிள்ளைக்குக் கமிஷன் பணமாகவே வருகிறது என்றால் அது சொந்தத் தொழில் வருமானக் கணக்கில் வரும். வருடத்தில் நிகரமாக 400 டாலர் எட்டினால் வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலான ரெப்கள் அந்தத் தொகைப் பக்கம் கூடப் போவதில்லை.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அழைப்பு உங்களுக்கு வராமல் நேராக மகளின் இன்ஸ்டாகிராமுக்கு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள், கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை. இருந்தாலும் இரண்டாவது செய்தியிலிருந்து நீங்களும் உள்ளே இருக்கும் குரூப்பில்தான் பேச்சு என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரோடு அடுத்த பேச்சு தேவையில்லை. ஷூட்டுக்கு நீங்களோ மனைவியோ கூடப் போங்கள். என்ன உடை என்பதை நீங்களும் மகளும் முடிவு செய்யுங்கள். அவளுடைய கணக்கு பிரைவேட்டாக இருக்கலாம், 2024 செப்டம்பரிலிருந்து பதின்வயதினர் கணக்குகள் பலவற்றை இன்ஸ்டாகிராமே அப்படித்தான் வைக்கிறது. ‘ரெப் ஆனதால் பப்ளிக் ஆக்கு’ என்று கேட்டால் வேண்டாம், அவர் தன் கணக்கில் போட்டுக்கொள்ளட்டும். நிற்கும் இடத்திலிருந்தே ஸ்டோரி போடாமல் வீட்டுக்கு வந்த பிறகு போடச் சொல்லுங்கள். படத்தில் கார் நம்பர் பிளேட் தெரிகிறதா என்றும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமா என்ற கேள்வி உங்கள் மனதில் ஓடும் என்று எனக்குத் தெரியும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. அதில் ‘ஸ்டூடியோ அம்பாஸடர்’ என்று போட்டால் படிப்பவர் எதுவும் நினைக்க மாட்டார். அவளுக்கே போட்டோவில் ஆர்வம் இருந்தால் வேறு மாதிரி பேசுங்கள். ரெப் வேலையோடு நாலு ஷூட்டுக்கு ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தை முகத்தில் திருப்பும் பலகை) பிடிக்கவும், லைட் வைப்பதைப் பார்க்கவும் விடுவீர்களா என்று கேளுங்கள். ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆள் கிடைக்காமல் தவிக்காத போட்டோகிராபர் உலகத்தில் இல்லை. அந்தக் கிளாரினெட் பெண் இரண்டாவது மாதமே அதைத்தான் கேட்டாள். ஆல்பம் வாங்கியதைவிட அதில்தான் அவளுக்கு அதிகம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? எப்படியும் சீனியர் படம் எடுக்கப் போகிறீர்கள், அந்தப் போட்டோகிராபரின் படங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, விசாச் சிக்கல் இல்லை என்றால் சேர்ப்பேன். செஷன் ஃபீயாவது மிச்சம். அவருடைய படங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நம் பிள்ளைகளின் தோல் நிறத்தில் ஒருவரையாவது எடுத்திருக்கிறாரா, அந்த முகம் எப்படி வந்திருக்கிறது? எல்லோரையும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் எடிட் செய்பவர்கள் இருக்கிறார்கள். மாநிறம் அவர்கள் கையில் செங்கல் நிறமாகிவிடும், அதைக் கூடத்தில் மாட்டினால் பாட்டி யாரென்று கேட்பார். படம் எடுக்கும் எண்ணமே இல்லாமல் ‘இலவசம்தானே’ என்று மட்டும் சேர்வதானால் வேண்டாம். வீட்டுக்குள் ஒரு பட்ஜெட்டை இப்போதே முடிவு செய்து மகளிடமும் சொல்லிவிடுங்கள். விற்பனை அறையில் அதைப் பேசிக்கொண்டிருந்தால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

பதில் அனுப்பும்போது நாலு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: கட்டாயமாக எவ்வளவு வாங்க வேண்டும், எத்தனை பதிவு போட வேண்டும், எக்ஸ்க்ளூசிவ் ஷரத்து உண்டா, நடுவில் விலக வேண்டுமென்றால் என்ன ஆகும். கடைசிக் கேள்விதான் முக்கியம். அக்டோபரில் கல்லூரி விண்ணப்பம் கழுத்தை நெரிக்கும்போது உங்கள் மகள் பதிவு போட மறப்பாள், சத்தியமாக மறப்பாள். அப்போது இலவசமாகக் கொடுத்த செஷன் ஃபீயை முழுதாகத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தங்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கும்.